மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிக் கடை: சேலைக்கு நாலரை ஸ்டார், ஸ்டூலுக்கு ஒண்ணு

கடை பேரு போட மாட்டேன், போட்டா முதலாளிக்கு ஒண்ணும் ஆகாது, எனக்கு சேலை எடுத்துக் காட்டுன அக்காவுக்குத்தான் திட்டு விழும். விளக்குத்தூண்ல இருந்து ரெண்டு நிமிச நடை. சேலை செக்‌ஷன் மாடில, படி செங்குத்தா இருக்கு, முட்டி வலிக்காரங்க கீழயே உக்காந்துக்கிட்டா எடுத்துட்டு வந்து காட்டுறாங்க.

அம்மாவுக்கு ஒண்ணு மாமியாருக்கு ஒண்ணுன்னு போயி அஞ்சு சேலையோட எறங்குனேன், அப்ப கலெக்‌ஷன் எப்டின்னு நீங்களே பாத்துக்கங்க. அந்த அக்கா ஒரு சேலைய விரிச்சு, என் விரலப் புடிச்சு புள்ளி மேல தேச்சுக் காட்டுனாங்க. சுங்குடின்னா துணில சின்னச் சின்னதா முடிச்சுப் போட்டு சாயத்துல முக்கி புள்ளி எடுக்குறது. கையால முடிச்சுப் போட்டதுன்னா முடிச்ச எடத்துல துணி லேசா சுருங்கி மேடு தட்டும், புள்ளியும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. பிரிண்ட்ல எல்லாம் ஒரே அளவு. நான் ஆசையா எடுத்த மாம்பழக் கலரப் பாத்து "அது கை முடிச்சு இல்லக்கா, பிரிண்டு, அந்த வெலைக்குப் போட்டுத் தொலைக்காதீங்க"ன்னு மெதுவா சொன்னாங்க. இப்டி எந்தக் கடைல சொல்லுவாங்க?

இப்ப ஸ்டூலுக்கு வர்றேன். நான் காலேஜ்ல தொழிலாளர் சட்டம் எடுக்குறவ, வேலை செய்ற எடத்துல சம வாய்ப்பு, சமச் சம்பளம் இதுலதான் ஆராய்ச்சி. அதனால எந்தக் கடைக்குப் போனாலும் துணியப் பாக்குறதுக்கு முன்னாடி கவுண்டருக்குப் பின்னாடி எட்டிப் பாக்குற வியாதி உண்டு, எங்க வீட்டுக்காரரு இதுக்காகவே கூட வர்றதில்ல. 2018ல கேரளாவுல கடை ஊழியர்களுக்கு உக்காருற உரிமை வந்துச்சு, நம்மூர்ல 1947ஆம் வருசத்து கடைகள் சட்டத்துல 2021ல 22-ஏன்னு ஒரு பிரிவச் சேத்தாங்க, எல்லா ஊழியருக்கும் இருக்கை போடணும்னு. இந்தக் கடைல போட்டுருக்காங்க. மூணு ஸ்டூல். ஒண்ணு மேல சேலைப் பெட்டி அடுக்கிருக்கு, மத்த ரெண்டுலயும் கால்ல சுத்துன பிளாஸ்டிக் கவரக் கூட பிரிக்கல!

"நீங்க செத்த உக்காருங்கக்கா, நான் மெதுவா பாக்குறேன்"னேன். அவங்க மொதல்ல மேல இருந்த கேமராவப் பாத்தாங்க, அப்புறம் என்னப் பாத்தாங்க. "இருக்கட்டும்மா, பழகிருச்சு." சொல்றப்பவே ஒரு கால செருப்புல இருந்து எடுத்து மத்தக் கால் கெண்டைல தேச்சுக்கிட்டு இருந்தாங்க, நரம்பு சுருட்டிக்கிட்டு கெடந்துச்சு.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, வேலைக்கு நடுவுல உக்கார வாய்ப்பு கெடைக்கிறப்ப உக்காந்துக்க வசதி இருக்கணும். அந்த வாய்ப்பு எப்ப வந்துச்சுன்னு முடிவு பண்றது யாரு? கஸ்டமர் இல்லாத நேரந்தான் வாய்ப்புன்னு நாம நெனைக்கிறோம், சூப்பர்வைசர் அந்த நேரத்துலதான் "சும்மாதான நிக்கிறீங்க, அந்தக் கட்ட மடிங்க"ன்னு சொல்றாரு. ஸ்டூல எண்ணிட்டுப் போற ஆய்வுல இது எங்க தெரியப் போகுது.

மாடில முழுக்க பொம்பளைங்க, கீழ வேட்டி சட்டை செக்‌ஷன் முழுக்க ஆம்பளைங்க. கீழ சம்பளம் கூடன்னு சொன்னாங்க, எவ்ளோ கூடன்னு கேட்டதுக்கு சிரிச்சுட்டு அடுத்த சேலைய எடுக்கப் போயிட்டாங்க. 1976 சமச் சம்பளச் சட்டம் இப்ப 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, அந்தத் தொகுப்பு ஒரே வேலைய மட்டும் சொல்லல, ஒத்த மாதிரி வேலையும் சேத்துதான், திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு எல்லாத்தையும் வச்சுப் பாக்கணும். வேட்டி மடிச்சுக் குடுக்குறதுல என்ன கூடுதல் திறமைன்னு எனக்குத் தெரியல, முடிச்சையும் பிரிண்டையும் விரல்லயே கண்டுபுடிக்கிற ஆளு மாடிலதான் நிக்கிறாங்க. பாலியல் புகார்க் கமிட்டி போர்டு படி திருப்பத்துல தமிழ்லயே இருக்கு, அதுக்கு ஒரு சபாஷ், பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற நெறைய கடைல அதுவும் கெடையாது.

பில் போடுறப்ப முதலாளிகிட்ட ஸ்டூல் கவரப் பத்திச் சொன்னேன். "வாங்கிப் போட்டாச்சே மேடம், உக்கார வேணாம்னு யாரு சொன்னா?"ன்னாரு. "உக்காருங்கன்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்கண்ணே"ன்னேன். சிரிச்சாரு, பைக்குள்ள கர்ச்சீப் ஒண்ணு சேத்துப் போட்டாரு.

செவப்பு சேலை மொத அலசுலயே சாயம் விட்டுச்சு, உப்புத் தண்ணில தனியா ஊற வைங்கன்னு முன்னாடியே சொல்லிருக்கலாம். மாத்தப் போனேன், மூஞ்சி சுளிக்காம மாத்திக் குடுத்தாங்க. அப்ப மத்தியானம் மூணு மணி, கடைல ஈ காக்கா இல்ல. ஒரு ஸ்டூல்ல கவரு கிழிஞ்சு கெடந்துச்சு, அதுல உக்காந்திருந்த சின்னப் பொண்ணு என்னப் பாத்ததும் படக்குன்னு எந்திரிச்சுருச்சு.