நீல ஃபைலில் 43 ஆதார் நகல்கள்: விரட்டுவதா, மன்னிப்பதா, முதலாளியைப் பிடிப்பதா?

திருப்பூரில் நான் நடத்தும் பவர்டேபிளில், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டில், ஒரு நீல ஃபைல் இருக்கிறது. அதில் 43 ஆதார் நகல்கள். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், மேற்கு வங்க முகவரிகள். ஆள் கொண்டுவரும் கான்ட்ராக்டர் கொடுத்தவை. சில, நகலை நகல் எடுத்தவை; முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி அப்பியிருக்கும். 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டத்தில் 31 வங்கதேசத்தவரைப் பிடித்தார்கள் என்று செய்தி வந்த இரவு, அந்த ஃபைலை முதல் தாளிலிருந்து புரட்டினேன். யார் எந்த நாடு என்று ஒன்றிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கும் வேலையை நான் அதுவரை செய்ததும் இல்லை.

ஆவணமில்லாமல் எல்லை தாண்டி வந்து வேலை செய்பவர்களை என்ன செய்வது என்று மறுநாள் டீக்கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு. பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: பிடித்து அனுப்புங்கள். இப்போது அதற்கு வசதியாகப் புதிய சட்டமும் வந்துவிட்டது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களைச் சேர்த்துக் கட்டிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி ஆவணம் என்றால் 2 முதல் 7 ஆண்டு சிறை.

நாடு கடத்துவதே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் சட்டம் வெறும் காகிதம். ஆனால் வலையில் யார் விழுகிறார்கள்? மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்காரர் பேசும் வங்காள மொழியும் எல்லைக்கு அந்தப் பக்கத்தவர் பேசும் வங்காள மொழியும் என் காதுக்கு ஒன்றுதான். சோதனைக்கு வரும் காவலருக்கும் அப்படித்தான். எங்கள் சிங்கர் டைலர் ஒருவர் அந்த மாதம் முழுக்க வாக்காளர் அட்டையைப் பாலித்தீன் உறையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தைத்தார். குனியும்போதெல்லாம் ஒரு கை தானாக மார்புக்குப் போகும். அவர் இந்தியக் குடிமகன். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரைத் தாக்குவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது ஊருக்கு ரயில் ஏறியவர்களும் குடிமக்களே. பயம் ஆள் பார்த்து வருவதில்லை.

அதே டீக்கடையில் அடுத்த மாதம் வேறு பேச்சு. பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களைக் கைவிலங்கோடு அமிர்தசரஸில் இறக்கியது. "பிழைக்கப் போனவனை இப்படியா நடத்துவது?" என்று கொதித்தவர்களில் இருவர், ஜனவரியில் அந்த 31 பேரைத் தூக்கி எறியச் சொன்னவர்கள்.

மன்னிப்பு என்ற வழிக்கு எல்லோரும் காட்டும் உதாரணம், 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட அமெரிக்கச் சட்டம். சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை கிடைத்தது. அதன்பிறகும் ஆவணமற்றவர்கள் பெருகி, பின்னாளில் ஒரு கோடியைத் தாண்டினார்கள். மன்னித்தால் இன்னும் வருவார்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்கிறார்கள். நான் அதை வேறு மாதிரிப் படிக்கிறேன். அதே சட்டத்தின் மறுபாதி, ஆவணமற்றவரைத் தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை என்றது. 'தெரிந்தே' என்ற சொல்லில்தான் ஓட்டை. காட்டிய தாள் பார்வைக்கு அசல்போல இருந்தால் முதலாளி தப்பினார். உடனே போலித் தாள்களுக்குச் சந்தை முளைத்தது. என் நீல ஃபைலுக்கு அங்கே ஒரு அண்ணன் இருந்திருக்கிறான்.

ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கொடுத்த பொதுமன்னிப்பு வருடாந்தர ஒட்டடை அடிப்பு மாதிரி: அபராதம் இல்லாமல் ஊர் திரும்பலாம், அல்லது விசாவைச் சரிசெய்யலாம். ஒட்டடை சேரும் காரணத்தைத் தொடவில்லை. 2005இல் ஸ்பெயின் செய்தது இவற்றைவிட மேல். வேலை ஒப்பந்தத்தோடு பொதுவாக முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிதியில் தொழிலாளியைப் பதிய வேண்டும். சுமார் 5.7 லட்சம் பேர் பதிவானார்கள். அவர்களோடு சேர்ந்து முதலாளிகளும் வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

மன்னிப்பைப் பற்றிப் பேசினால், பக்கத்து ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர், அரச்சலூர் அகதி முகாம்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1983 தொடங்கி வந்த இலங்கைத் தமிழர்கள், 2021இல் முகாமின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறிய பிறகும், சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் சட்டவிரோதக் குடியேறிகளே. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குப் புதிய சட்டத்தின் தண்டனையிலிருந்து 2025இல் விலக்கு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டு ஒரே ஊரில் ரேஷன் வாங்கியவர்களை இனி எங்கே அனுப்புவது? இவர்கள் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. குடியுரிமை கொடுக்க வேண்டும்.

வேலை கொடுத்தவரைப் பிடிப்பது மூன்றாவது வழி. இதில் என் கழுத்தும் மாட்டும். எல்லை தாண்டுபவர் வேலைக்காகத்தான் வருகிறார். வேலை கொடுப்பவர் நான். ஆனால் எங்கள் தொழில் அடுக்கடுக்கானது. ஏற்றுமதிக் கம்பெனியில் ஆடிட், பதிவேடு எல்லாம் பளிச்சென்று இருக்கும். அங்கிருந்து ஜாப் ஒர்க்காகத் துணி என்னிடம் வரும். என்னிடம் தைப்பவர்களுக்குச் சனிக்கிழமை பணம் கொடுப்பவர் கான்ட்ராக்டர். அபராதம் என்னோடு நின்றால் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் தப்பிவிடுவார்கள். இன்னொரு ஆபத்து: வங்காள மொழி பேசினாலே வேலை இல்லை என்று கேட்டிலேயே அனுப்பத் தோன்றும். 1986 சட்டத்தால் இப்படிப் பரவலான பாகுபாடு விளைந்ததாக 1990இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே சொன்னது.

நான்காவது, முறையான வாசல். தென்கொரியா 2004 முதல் நடத்தும் வேலை அனுமதி முறையில் அரசுக்கும் அரசுக்கும் ஒப்பந்தம். மொழித் தேர்வு உண்டு. தரகருக்கு இடம் இல்லை. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 4 ஆண்டு 10 மாதம். வங்கதேசமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நினைத்தபடி கம்பெனி மாற முடியாது என்பதால் ஓடிப்போய்த் தங்கிவிடுபவர்கள் அங்கேயும் உண்டு. அமெரிக்காவுக்கு இதுதான் அவசரம்: கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால், முறைப்படி போன என் மச்சினன் மகனே அதற்கு வயதைக் கரைத்துக்கொண்டிருக்கிறான். திருப்பூருக்கு இது முதல் மருந்து அல்ல. ஆள் இல்லை என்று நாங்கள் புலம்புவதன் முழு வாக்கியம், ஒன்றரை ஷிப்டுக்கு நாங்கள் தரும் கூலிக்கு ஆள் இல்லை என்பது.

ஆக, என் ஓட்டு மூன்றாவதற்கு. தண்டனையைவிடப் பதிவைப் பெரிதாக வைத்து, ஆர்டர் கொடுத்த கம்பெனி வரை பொறுப்பை நீட்டி. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். கட்டாயம். கான்ட்ராக்டர் ஆள் என்று கணக்கை வேறாகக் காட்டியே நான் காலம் தள்ளினேன், ஒளிப்பானேன். பி.எஃப். எண் வாங்க ஆதாரைக் கணினியில் சரிபார்க்க வேண்டும். நகலுக்கு அங்கே வேலை இல்லை. பொய் முகவரி சொல்லி வாங்கிய அசல் ஆதார் இதிலும் நழுவிவிடும். ஆதார் குடியுரிமைச் சான்றும் அல்ல. ஆனால் எங்கே, யாரிடம், எவ்வளவு கூலிக்கு என்பதாவது பதிவாகும்.

"பி.எஃப். பிடித்தால் ஆள் நிற்காதுங்க அண்ணா" என்றார் கான்ட்ராக்டர். ஒரு சனிக்கிழமை அறிவித்தேன். திங்கட்கிழமை 6 மெஷின்கள் சும்மா கிடந்தன. அவர்கள் எல்லை தாண்டி வந்தவர்களா, சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பது பிடிக்காமல் பக்கத்து யூனிட்டுக்குப் போனவர்களா என்று கான்ட்ராக்டரிடம் கேட்டேன். அவர் ஓவர்லாக் மெஷினில் அடுத்த ஆளை உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.