சவர்த் தண்ணீரும் ஷவர்க் கண்ணாடியும்

போன கிழமை, மானிப்பாயில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பன் ஒருவன் அழைத்தான். "மச்சான், பாத்ரூமுக்குக் கண்ணாடிக் கதவு போட்டா நல்லமோ? உன்ர வீட்டில இருக்கெல்லே?" இருக்கிறது. 2018இலிருந்து இருக்கிறது, நடுவில் ஏழு கிழமை இல்லாமல் இருந்ததைத் தவிர. அந்த ஏழு கிழமைக் கதையை, ரைல்ஸ் கடைக்குள் நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாது. "எழுதி அனுப்புறன்" என்றேன்.

அரியாலையில் எங்களுடையது அப்பா கட்டிய வீடு. குளிப்பு முழுக்கக் கிணற்றடியில்தான். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் வந்து, ஈரப் படியில் கால் வைப்பதே பயமாகிப் போன பிறகு வீட்டுக்குள்ளே ஒரு குளியலறை கட்டினோம். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவும் அத்தானும் செலவில் பாதியை ஏற்றார்கள். காசோடு சேர்த்துத் தங்கள் வீட்டுக் குளியலறையின் படம் ஒன்றையும் அத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வினை அந்தப் படத்தில்தான் வந்தது.

ஒரு பக்கம் அசையாத கண்ணாடி, அதை ஒட்டிச் சுவரில் இரண்டு பிணைச்சலில் தொங்கும் கதவு. 8 மில்லிமீற்றர் தடிப்பு, ரெம்பர்ட் கண்ணாடி, அதாவது சூளையில் சூடாக்கி உறுதியாக்கியது. கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர் அரை நாளில் பூட்டிவிட்டுப் போனார்கள். எல்லாமாக 70,000 ரூபாய்க்குள் முடிந்தது.

நல்லதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. நிலம் காய்ந்திருக்கிறது. கொமட்டும் குளிக்கிற இடமும் ஒரே அறைக்குள் இருக்கிற வீடுகளில் எந்த நேரம் போனாலும் காலடியில் ஈரம் இருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் குளித்து வந்த அடுத்த நிமிடம் இன்னொருவர் காலுறையோடு உள்ளே போகலாம். அம்மா இந்த ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட அங்கே வழுக்கவில்லை. இத்தனைக்கும் அவவுக்கு அந்தக் கண்ணாடியைக் கண்ணில் காட்டக் கூடாது. முதல் நாளே, "என்னை என்ன மீன் தொட்டிக்குள்ள விடப்போறியளோ?" என்று கேட்டார்.

சரி, இனித் தண்ணீருக்கு வருவோம்.

பூட்டிப் பதினைந்து நாள் இருக்கும். காலை வெயில் சின்ன ஜன்னலால் கண்ணாடியில் விழுந்தபோதுதான் கண்டேன். ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் சுற்றிவர வெள்ளை விளிம்பு, நடுவில் மங்கல். அம்மைத் தழும்பு போல கண்ணாடி முழுக்க. துணியால் துடைத்தேன், போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், நனைந்திருக்கும்வரை மறைந்து, காய்ந்ததும் திரும்பவும் வந்து நின்றது.

யாழ்ப்பாணத்தில் இது யாருக்கும் புதினமில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மழை நிலத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கி, அந்தக் கல்லையே கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் ஷவர் தலையின் துளைகளை அடைப்பதும் அதுதான். துளியில் இருந்த தண்ணீர் காற்றோடு போக, கல் கண்ணாடியில் நிற்கிறது. கடனீரேரிப் பக்கமாக இருக்கும் எங்களுக்கு இதற்கு மேலே உப்பும் இருக்கிறது. நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல்தான் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் என்று பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கேட்ட அதே கதைதான். ஆனி, ஆடியில் கிணறு இறங்க இறங்கச் சவர், அதாவது உப்புக் கரிப்பு, ஏறும். எங்கள் ஊரில் ஷவரையும் சிலர் 'சவர்' என்றுதான் சொல்வார்கள். பிழையாகச் சொல்லவில்லை.

கார்த்திகை மழைக்குக் கிணறு நிரம்பினால் கண்ணாடியில் புள்ளி குறையும். ஏழு வருடமாக நான் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை, கண்ணாடியைப் பார்த்தே மட்டம் சொல்லிவிடுவேன்.

நான் செய்து பார்த்த வைத்தியங்களில் தேசிக்காய்ப் பாதி வேலை செய்யும், ஆனால் முழுக் கண்ணாடிக்கு எத்தனை தேசிக்காய்? வினாகிரி நல்லம். பழைய துணியை அதில் தோய்த்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, கால் மணித்தியாலம் விட்டுப் பிறகு துடைத்தால் புதுப் புள்ளி போய்விடும். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலந்தால் நுரை எழும்பி ஏதோ பெரிய காரியம் நடப்பதுபோல இருக்கும், ஆனால் ஒன்றின் வேலையை மற்றது கெடுப்பதைத் தவிர ஒன்றும் நடக்காது. மாதக் கணக்காக விட்ட புள்ளிக்கு இவை எதுவும் சரிவராது. அந்த இடத்தில் கண்ணாடியே மங்கிப் போய்விடுகிறது.

இரண்டாம் வருடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. கொமட் கழுவ வைத்திருந்த அசிட்டில் தண்ணீர் கலந்து பூசினேன். ஒரே நிமிடத்தில் கண்ணாடி பளிங்கு. அன்று பின்னேரம் முழுக்க வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மாதத்தில் ரைல்ஸ் இடுக்குச் சீமெந்து மணலாக உதிரத் தொடங்கியது, பிணைச்சலின் மினுக்கம் கொப்புளித்தது. வெளியில் குரோம் பூச்சு, உள்ளே மலிவான துத்தநாகக் கலவை. உப்புக் காற்றும் சவர்த் தண்ணீரும் எப்படியும் அதைத் தின்றிருக்கும், நான் அசிட்டை ஊற்றி அவசரப்படுத்திவிட்டேன். இது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சுவர் என் பிழையில்லை. கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும், இரண்டரைக் கிலோ. எங்கள் கதவு 75 சென்ரிமீற்றர் அகலம், 190 உயரம். கணக்குப் போட்டால் 28 கிலோவுக்கு மேல். 25 கிலோ அரிசி மூட்டையை விடப் பாரமான ஒரு சாமானை, உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் சாதாரண பிளாஸ்ரிக் பிளக் அடித்துத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். அந்த இடத்துக் கல்லின் பொள்ளலைக் கொங்கிறீற்றால் நிரப்பியிருக்க வேண்டும். சுவர் எழும்பும்போதே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு தாச்சிக் கலவையில் முடிகிற வேலை. வருடம் போகப் போகக் கதவு மயிர் மயிராக இறங்கியது. திறக்கும்போது கீழ் மூலை ரைல்ஸ் திண்டில் 'கிறீச்' என்று உரசும். கொஞ்சம் தூக்கித் திறந்தால் சரி என்று எல்லாரும் பழகிக்கொண்டோம்.

2023 பங்குனியில் ஒரு நாள், இரவு ஒன்றரை மணி. வீடே அதிர்ந்தது. நான் எழும்பி லைற்றைப் போடுவதற்குள் அம்மா தன் அறையில் கட்டிலை விட்டு இறங்கிச் சுவரோரம் நிலத்தில் குந்தியிருந்தார். "தம்பி, எங்க விழுந்தது?" சண்டை முடிந்து கிட்டத்தட்ட 14 வருடம், அவவின் காதுக்கு அது இன்னும் எறிகணைதான். "செல் இல்லையணை, பாத்ரூம் கண்ணாடி" என்று சொன்னபோது அவவுக்கு வந்த கோபத்தை நான் இங்கே எழுத மாட்டேன்.

குளியலறை முழுக்கக் கற்கண்டு. உண்மையில் அப்படித்தான் இருந்தது, கோயிலில் அர்ச்சனைத் தட்டில் தருகிற கற்கண்டு அளவில் ஆயிரக்கணக்கான துண்டுகள். உள்ளே ஒருவரும் இல்லை, கதவை ஒருவரும் தொடவில்லை. ரெம்பர்ட் கண்ணாடியை 600 பாகைக்கு மேல் சூடாக்கிக் குளிர் காற்றால் சடுதியாக ஆறவைக்கிறார்கள். மேற்பரப்பு இறுகி நெரிந்துகொண்டும், நடு உள்ளிருந்து இழுத்துக்கொண்டும் நிற்கும். கண்ணாடியின் தட்டையான பரப்பில் கையால் குத்தினாலும் தாங்கும், விளிம்புதான் அதற்கு உயிர்நிலை. விளிம்பில் ஒரு சின்னச் சிதைவு உள்ளே இழுவிசை இருக்கிற இடம்வரை போனால் அந்த நேரமே முழுக் கண்ணாடியும் பொடி. தயாரிக்கும்போது நிக்கல் சல்பைட் துகள் உள்ளே மாட்டினாலும் வருடங்கள் கழித்துத் தானாக வெடிக்கலாம் என்கிறார்கள். என் வீட்டில் அந்தத் துகளைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. கீழ் மூலை எத்தனை மாதமாக உரசியது என்று எல்லாருக்கும் தெரியும். பெரிய வாளாகப் பிளக்காமல் கற்கண்டாகக் கொட்டியதற்கு மட்டும் அந்தக் கண்ணாடிக்கு நன்றி சொல்ல வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி என்றால் கதை வேறு. யாராவது மலிவு என்று அதைப் பூட்டித் தருவதாகச் சொன்னால் அந்தக் கடையால் வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டு சீமெந்துப் பை நிறைய அள்ளினோம். மிச்சம் இன்னும் வருகிறது.

பிறகு புதுக் கதவு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியதன் விலை எல்லாச் சாமானிலும் ஏறியிருந்த நேரம். அசையாத பக்கம் உடையவில்லை. கதவுக்கும் இரண்டு பிணைச்சலுக்கும் மட்டும் 92,000 ரூபாய். டவுனில் ஒரு கடை, பெயர் வேண்டாம். அளக்க வந்த பொடியன் நடுவில் ஒரு அகலம், ஒரு உயரம் எடுத்துக் கையிலே பேனாவால் எழுதிக்கொண்டு போனான். மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து வந்த கண்ணாடி மேலே 6 மில்லிமீற்றர் கூடவாக இருந்தது. சுவர் தூக்குக்கு நிற்கவில்லை, மேலே ஒடுங்குகிறது, அதை யாரும் பார்க்கவில்லை. "கொஞ்சம் அராவித் தாங்கோவன்" என்று நான் கேட்க, பூட்ட வந்த பெரியவர் சிரித்தார். ரெம்பர்ட் ஆன பிறகு வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. பிணைச்சலுக்கான வெட்டுக்கூடச் சூளைக்குப் போகுமுன்பே போட வேண்டும். கடைக்காரர் "உங்கட சுவர்தானே பிழை" என்றார். நான் என்ன சொன்னேன் என்பது அந்தத் தெருவுக்கே கேட்டது.

கடைசியில் பாதிக் காசு நான், பாதி அவர்கள். இந்த முறை அளந்தது என் மனைவி, கணித ரீச்சர். தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அகலம், இரண்டு பக்கமும் உயரம், திண்டின் சரிவு, எல்லாம் மகனின் சதுரக்கோட்டுக் கொப்பித் தாளில். கடைக்காரரின் கையெழுத்தையும் வாங்கினார். அந்தக் கண்ணாடி வந்து சொன்னபடி உட்கார்ந்தது. சுவரைத் தோண்டிக் கொங்கிறீற் நிரப்பி, 304 ரகத் துருப்பிடிக்காத உருக்குப் பிணைச்சல் பூட்டினோம். 316 ரகம் உப்புக்கு இன்னும் தாங்கும், எனக்குக் கிடைக்கவில்லை. இரும்பு கண்ணாடியில் நேராக முட்டாமல் நடுவில் றப்பர்த் தட்டு இருக்கிறதா என்று குந்தியிருந்து பார்த்தேன். சிலிக்கன் பூசி ஒரு நாள் தண்ணீர் படவிடவில்லை. இரண்டரை வருடம், உரசல் இல்லை.

கண்ணாடி இல்லாத அந்த ஏழு கிழமையும் ஒரு பிளாஸ்ரிக் திரைதான். 1,800 ரூபாய். நனைந்தால் ஈரச் சேலை மாதிரி வந்து காலில் ஒட்டும், நிலம் கொஞ்சம் ஈரமாகும். ஆனால் புள்ளி தெரியாது, கழற்றித் தோய்க்கலாம், இரவில் வெடிக்காது. அம்மாவுக்குப் பிடித்திருந்தது.

துடைக்கிற வேலையை இன்னும் சொல்லவில்லை. புதுக் கதவில் ஒரு புள்ளியும் விழவிடுவதில்லை என்று சபதம். ஜன்னல் துடைக்கிற றப்பர்க் கட்டை ஒன்றை உள்ளே கொளுவியிருக்கிறது. குளித்து முடித்தவர் மேலிருந்து கீழாகக் கண்ணாடி முழுவதையும் வழித்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். குளிக்க ஐந்து நிமிடம், வழிக்க நான்கு நிமிடம். சித்திரை வெக்கையில் காற்றுப் போகாத கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று கையை உயர்த்தி வழித்து முடிக்கும்போது முதுகால் வேர்வை ஓடும். திரும்பவும் ஒரு வாளி வார்க்க வேண்டும் போல இருக்கும், வார்த்தால் திரும்பவும் வழிக்க வேண்டும். மகன் வழிப்பதே இல்லை. "அடுத்ததா அப்பா குளிப்பார்தானே" என்பது அவன் நியாயம். எங்கள் வீட்டில் இப்போது நடக்கிற சண்டையில் முக்கால்வாசி இந்தக் கட்டையைப் பற்றித்தான். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தபோது ஊரெல்லாம் குடிதண்ணீரைப் பற்றிக் கதைக்க, நான் என் கண்ணாடியைத்தான் நினைத்தேன். ஆனால் குழாய் வந்தாலும் அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். குளிக்கக் கிணறு இருக்கும்போது அதை யார் ஷவருக்கு விடுவார்கள்?

ஆகவே மச்சான், போடாதே. இடுப்பளவு அரைச் சுவர் ஒன்றை எழுப்பி ரைல்ஸ் ஒட்டு, மேலே திரையைக் கொளுவு. மிச்சக் காசுக்கு நல்ல தண்ணீர் மோட்டர் வாங்கலாம்.

'அப்ப நீ ஏன் இரண்டாந்தரமும் போட்டனி?' என்று கேட்பாய். நிலம் காய்ந்திருக்கிறது என்றேனே, அதுதான். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. இதுவும் உடைந்தால் இனித் திரைதான் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி அந்தச் சதுரக்கோட்டுத் தாளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, காணி உறுதியோடு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.