ஒரே ஒரு விந்துப் பரிசோதனையைக் காட்டி இக்சிக்கு அவசரப்படுத்துகிறார்களா? கையெழுத்திடாதீர்கள்

குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகும் தம்பதிகளுக்காக, குறிப்பாக ஆண்களுக்காக, இதை எழுதுகிறேன். என்னுடைய ஒரேயொரு விந்துப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு, 'இக்சி (வெளியே எடுத்த கருமுட்டைக்குள் ஒரு விந்தணுவை ஊசியால் நேரடியாகச் செலுத்தும் சிகிச்சை) தவிர உங்களுக்கு வேறு வழியே கிடையாது' என்று சொல்லி, ஒரு கருத்தரிப்பு மையம் அன்றைக்கே எங்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டது.

கடைசியாக விந்து வெளியேறியதற்கும் மாதிரி கொடுப்பதற்கும் இடையே இரண்டு முதல் ஏழு நாள் வரை இடைவெளி இருக்க வேண்டும். எத்தனை நாள் ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்றும் கேட்கவில்லை. எனக்கோ அதற்கு முந்தைய மாதம்தான் கடும் காய்ச்சல் அடித்து ஓய்ந்திருந்தது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். இடையில் வந்த காய்ச்சலின் பாதிப்பு பல வாரம் கழித்துக்கூட எண்ணிக்கையில் தெரியும். போதாக்குறைக்கு, மாதிரியின் முதல் பகுதி குப்பியில் விழவில்லை. விந்தணுக்கள் செறிந்திருப்பது அந்த முதல் பகுதியில்தான். ஆய்வக ஊழியரிடம் உடனே சொன்னேன். "பரவாயில்லை சார், இது போதும்" என்றார். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாதிரி எடுத்த நேரம், சோதித்த நேரம் ஆகிய கட்டங்களும் காலியாகவே இருந்தன.

மில்லிலிட்டருக்கு 90 லட்சம் அணுக்கள், இயல்பான வடிவம் 3 சதவீதம் என்று முடிவு வந்தது. அங்கிருந்த ஆலோசகர் என் மனைவியிடம், "நூற்றுக்கு 97 அணுக்கள் குறையுள்ளவை அம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் இயல்பான வடிவத்துக்கான கீழ்வரம்பே 4 சதவீதம்தான். எண்ணிக்கைக்கு 1 கோடியே 60 லட்சம். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை ஆராய்ந்துதான் இந்த வரம்புகளை வகுத்தார்கள். அந்தத் தந்தையரிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் ஒவ்வொரு வரம்புக்கும் கீழே இருந்தார்கள். அப்படியிருக்க, வரம்புக்குச் சற்றுக் கீழே இருப்பவரைக் குழந்தை பெறவே முடியாதவர் போலப் பேசுவது அநியாயம்.

அதோடு விடவில்லை. விந்தணுவின் மரபுப்பொருள் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் டி.என்.ஏ. சிதைவுப் பரிசோதனை, இக்சிக்கு 'நல்ல அணுவைப் பொறுக்கி எடுக்கும்' பிக்சி என்ற முறை என்று பட்டியல் நீண்டது. டி.என்.ஏ. சிதைவுச் சோதனையைத் தொடக்கப் பரிசோதனையாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தொடர்ந்து கரு கலைபவர்களின் நிலை வேறு. பிக்சியால் குழந்தைப் பிறப்பு விகிதம் கூடவில்லை என்பது 2,700க்கும் மேற்பட்ட தம்பதிகளைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின் முடிவு.

இக்சியைக் குறை சொல்லவில்லை. அணுக்கள் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு 1992 முதல் அது பெரிய வரம். ஆனால் என் அறிக்கைக்காக ஊசிகளையும், மயக்க மருந்து கொடுத்துக் கருமுட்டை எடுப்பதையும், சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்தையும் தாங்க வேண்டியவர் என் மனைவி. அரைகுறையாகச் செய்த சோதனைக்காக அவர் உடம்பை ஏன் வருத்த வேண்டும்?

பிறகு வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். முதல் மையத்தில் யாருமே செய்யாததை அவர் முதலில் செய்தார்: வெரிகோசீல் (விதைப்பை நரம்புகளில் இரத்தம் தேங்கிப் புடைப்பது) இருக்கிறதா என்று என்னை நேரில் பரிசோதித்தார். காய்ச்சலுக்குப் பின் மூன்று மாதம் கழிந்ததும், ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கச் சொன்னார். இரண்டிலும் எல்லா அளவுகளும் வரம்புக்கு மேலேயே இருந்தன. மனைவியின் வயதையும் கருக்குழாய்களின் நிலையையும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு இயல்பாகவே முயலலாம், தேவைப்பட்டால் விந்தணுக்களைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐ.யு.ஐ. பற்றி யோசிக்கலாம் என்றார். மனைவிக்கு வயது கூடியிருந்தால் இப்படிக் காத்திருப்பது பொருந்தாமல் போகலாம். அதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.

முன்பணத்தில் பெரும்பகுதியைப் 'பதிவுக் கட்டணம்' என்று சொல்லி முதல் மையம் பிடித்துக்கொண்டது. எழுத்து மூலம் கேட்ட பிறகுதான் என் அறிக்கையின் நகலையே கொடுத்தார்கள். பணம் கட்டும் முன்பே நகலை வாங்கி, இடைவெளி நாட்கள், மாதிரி எடுத்த நேரம், சோதித்த நேரம் மூன்றும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். காலியாக இருந்தால் அந்த அறிக்கையை வைத்து எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்காதீர்கள்.