பேச்சுக் கழகமா, இலக்கிய மன்றமா, கட்டண வகுப்பா?

கோவையில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் இளைஞர்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வந்து, நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசப் பழக வேண்டும், எங்கே சேரலாம் என்று கேட்பார்கள். அவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. இரண்டு நாளிலோ ஒரு மாதத்திலோ முடியும் கட்டணப் பயிற்சி வகுப்பு ஒன்று. டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சுக் கழகம் ஒன்று. நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்துவரும் இலக்கிய மன்றமும் பட்டிமன்ற மேடையும் மற்றொன்று. மூன்றிலும் நான் இருந்திருக்கிறேன். வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்த பிறகு கழகத்தில் ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். அந்த ஆண்டுகளிலேயே எங்கள் பகுதி மன்றத்தின் பட்டிமன்ற அணிகளிலும் பேசினேன். மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

வகுப்பும் கழகமும் ஏறத்தாழ ஒரே மண்ணில் முளைத்தவை. டேல் கார்னகி 1912இல் நியூயார்க் நகரின் ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) ஒன்றில் தம் பேச்சு வகுப்பைத் தொடங்கினார். கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில் 1924 அக்டோபர் 22 அன்று ரால்ஃப் ஸ்மெட்லி கூட்டிய கூட்டத்திலிருந்து டோஸ்ட்மாஸ்டர்ஸ் வளர்ந்தது. முன்னது ஆசிரியரை நடுவில் நிறுத்தியது. பின்னதில் ஆசிரியரே இல்லை, உறுப்பினர்களே ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். (1973 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளாதிருந்த அமைப்பு அது, எங்கள் கழகத்தில் நான் சேர்ந்த ஆண்டில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.) மன்றத்தின் வேரோ வேறு. மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகமும், ஊர்தோறும் சென்று பட்டிமன்றங்களுக்குத் தலைமை ஏற்ற குன்றக்குடி அடிகளாரும் அதற்கு இன்றைய உருவைக் கொடுத்தவர்களில் முன்னே நிற்பவர்கள்.

நான் சென்ற கட்டண வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சனி, ஞாயிறு இரண்டு நாள், இருபத்தெட்டுப் பேர், பயிற்றுநர் உண்மையிலேயே நன்றாகப் பேசக்கூடியவர். மூச்சை எங்கே நிறுத்துவது, மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, கூட்டத்தின் எந்தப் பக்கத்தில் கண்ணை நிறுத்தித் தொடங்குவது என்று அவர் காட்டிய செய்திகள் இன்றும் எனக்குப் பயன்படுகின்றன. ஆனால் அந்த இரண்டு நாளில் நான் எழுந்து நின்றது இரண்டே முறை, மொத்தம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் அவர் பேச நாங்கள் கேட்டோம். பேச்சைப் பற்றிக் கேட்டறிந்துகொண்டு வீடு திரும்பினேனே அன்றி, பேசிப் பழகித் திரும்பவில்லை. திங்கட்கிழமை அலுவலகக் கூட்டத்தில் என் குரல் பழையபடியே நடுங்கியது. அடுத்த வாரம் ஒரு நேர்முகத் தேர்வு, அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கு என்று நாள் குறித்த தேவை உள்ளவருக்கு வகுப்பு உதவும். பேச்சாளராக வளர விரும்புகிறவருக்கு அது போதாது.

கழகத்தில் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரக் கூட்டம். ஆயத்தம் செய்துகொண்டு வந்த இரண்டு மூன்று பேச்சுகள், அதன்பின் டேபிள் டாபிக்ஸ் என்னும் பகுதி, அந்த இடத்திலேயே கொடுக்கப்படும் தலைப்பில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும், கடைசியாக மதிப்பீடு. புதியவரின் முதற்பேச்சுக்கு ஐஸ்பிரேக்கர் என்று பெயர். தம்மைப் பற்றியே நான்கு முதல் ஆறு நிமிடம் பேச வேண்டும். பிந்திய பேச்சுகள் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடம். நேரம் பார்ப்பவர் ஐந்தாம் நிமிடத்தில் பச்சை அட்டையையும், ஆறில் மஞ்சளையும், ஏழில் சிவப்பையும் உயர்த்துவார். போட்டியில் ஏழரை நிமிடத்தைத் தாண்டினாலும், நான்கரை நிமிடத்துக்கு முன்பே முடித்தாலும் தகுதி போய்விடும். ஆ கவுண்டர் என்று ஒருவர் மூலையில் அமர்ந்து, பேச்சுக்கு நடுவே தேவையின்றி விழும் சொற்களை எண்ணிக்கொண்டிருப்பார். 'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா' என்று என் பெயருக்கு நேரே அவர் இட்டிருந்த பதினேழு கோடுகளைக் கண்ட அன்றுதான் என் பேச்சு பிறர் காதில் எப்படி விழுகிறது என்பதை முதன்முதலாக உணர்ந்தேன்.

ஆனாலும் கழகம் தருவதாகப் பலரும் எண்ணிக்கொள்ளும் மேடை வாய்ப்பு உண்மையில் அவ்வளவு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கழகம் ஒன்றை முறையாகத் தொடங்கவே இருபது உறுப்பினர்கள் வேண்டும். மாதம் இரு முறை கூடும் கழகத்துக்கு ஆண்டுக்கு 24 கூட்டம். கூட்டத்துக்கு மூன்று பேச்சு என்றால் 72. இருபது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நான்கு பேச்சுகூட முழுதாக வராது. வாரந்தோறும் கூடும் கழகமானால் ஏழோ எட்டோ வரும். எனவே எங்கே சேர்வது என்பதற்கு முன் அந்தக் கழகம் மாதத்துக்கு எத்தனை முறை கூடுகிறது என்று கேட்க வேண்டும். மீதிக் கூட்டங்களில் என்ன செய்வோம் என்றால், வேறு பொறுப்புகளை ஏற்போம்: நேரம் பார்ப்பது, மொழிநடையைக் கவனிப்பது, கூட்டத்தை நடத்துவது, எல்லாவற்றுக்கும் மேலாக மற்றொருவர் பேச்சை மதிப்பிடுவது.

கழகத்தின் உண்மையான கொடை இந்த மதிப்பிடும் நாற்காலிதான் என்பது என் துணிபு. என் மூன்றாவது பேச்சுக்கு மதிப்பீட்டாளராக அமைந்தவர் ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்த ஓர் அம்மையார். அவர் எழுந்து வந்து சொன்னார்: "முக்கியமான வாக்கியம் வரும்போதெல்லாம் நீங்கள் காகிதத்தைப் பார்த்தீர்கள் தம்பி, முக்கியமில்லாததை எல்லாம் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்." இரண்டு நாள் வகுப்பில் எவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. சில மாதங்களில் அதே நாற்காலியில் நான் அமர்ந்தேன். ஏழு நிமிடப் பேச்சை எழுதுகோலும் கையுமாகக் கேட்டு, கூட்டம் எங்கே சாய்ந்து அமர்ந்தது, எந்தச் சொல்லுக்கு நிமிர்ந்தது என்று குறித்து, பேசியவர் மனம் சுருங்காமலும் உண்மை மறையாமலும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அவரிடமே எடுத்துச் சொல்ல வேண்டும். பிறர் பேச்சில் கண்ட குறையை அடுத்த மாதம் என் பேச்சில் நானே கண்டுகொண்டேன். ஆசிரியர் இல்லாத ஓர் ஏற்பாடு நூறாண்டு நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கழகத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. நல்லதைச் சொல்லித் தொடங்கு, குறையை நடுவில் வை, நல்லதைச் சொல்லி முடி என்னும் வழக்கம் பல கழகங்களில் வெறும் இன்சொல்லாகத் தேய்ந்துபோகிறது. எவர் பேசினாலும் பாராட்டே மிஞ்சுகிறது. போட்டிப் பேச்சுகளைக் கேட்டே பழகுவதால், தன் வாழ்வில் ஓர் இடர், அதிலிருந்து மீட்சி, முடிவில் ஓர் அறிவுரை என்ற அச்சில் எல்லாருடைய பேச்சும் வார்க்கப்பட்டுவிடுகிறது. அந்த அச்சை உயரத்துக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாரச்சி 2014இல் டோஸ்ட்மாஸ்டர்ஸின் உலகப் பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றார். ஆனால் வரவுசெலவுத் திட்டத்தை விளக்கவோ, குடியிருப்போர் சங்கத்தில் ஒரு தீர்மானத்தை எதிர்க்கவோ அந்த அச்சு உதவாது. மொழி மற்றொரு சிக்கல். நம் நகரங்களில் பெரும்பாலான கழகங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால், மேடை அச்சத்தைப் போக்க வருகிறவரும் ஆங்கில அச்சத்தைப் போக்க வருகிறவரும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள். தமிழில் பேசத் தெரிந்தவர் ஆங்கிலத்தில் தடுமாறிவிட்டு, தமக்குப் பேச்சே வராது என்ற முடிவோடு நின்றுவிடுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். தமிழில் கூடும் கழகங்களும் இருக்கின்றன. சிங்கப்பூரில் அவை இயங்கிவருகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

இனி மன்றத்துக்கு வருவோம். திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம். அவையஞ்சாமை அதற்கு அடுத்த 73. கழகம் இரண்டாவதைச் சிறப்பாகக் கற்பிக்கிறது. முதலாவதைக் கற்பிக்க அதனால் இயலாது, ஏனெனில் அங்கே அவை மாறுவதில்லை. நம்மைப் பார்த்துப் புன்னகைக்கும் அதே இருபது பேர்தான் எப்போதும். நான் முதன்முதலில் பட்டிமன்றத்தில் பேசிய மாலையில் முன்வரிசையில் துண்டைத் தோளில் போட்ட ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். என் தொடக்கம் கழகத்தில் கைதட்டல் வாங்கிய தொடக்கம். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மடித்தார். பிறகு பின்னால் திரும்பி யாரிடமோ தேநீர் வந்துவிட்டதா என்று விசாரித்தார். அந்த ஒருவரை மறுபடி என் பக்கம் திருப்ப எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு, எனக்கு முன் பேசிய எதிரணிப் பெண்மணி சொன்ன ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு அதற்கு மறுமொழி சொல்லத் தொடங்கிய பிறகே அவர் முகம் திரும்பியது.

பட்டிமன்றத்தில் ஆயத்தப் பேச்சு அப்படியே பிழைப்பதில்லை. முன்னால் பேசியவர் நாம் வைத்திருந்த மேற்கோளைச் சொல்லிவிடுவார். நடுவர் இடையில் ஒரு கேள்வி போடுவார். நமக்கு உடன்பாடில்லாத அணியே நமக்குக் கிடைத்திருக்கும். எதிர்க்கருத்தைக் காதால் வாங்கி, அதன் வலுவை ஒப்புக்கொண்டு, அதற்குப் பின் மறுப்பது என்ற பயிற்சி கழகத்தின் வழக்கமான கூட்டத்தில் கிடைப்பதில்லை. படிப்பும் மன்றத்தில் கட்டாயம். சரக்கில்லாமல் பன்னிரண்டு நிமிடம் நிற்க முடியாது என்பதால், கம்பனையும் குறளையும் நான் மறுபடி எடுத்துப் படித்தது மன்றத்துக்காகத்தான்.

ஆனால் மன்றத்தில் கற்றுக்கொடுப்பவர் எவரும் இல்லை. பேசி இறங்கினால் பொன்னாடை போர்த்துவார்கள், அருமை என்பார்கள். எது அருமை, எது இல்லை என்று சொல்ல ஆள் இருக்காது. அணிக்கு மூவர், நடுவர் ஒருவர் என்று ஏழு இடம்தான். அவற்றில் நான்கைந்து பழகிய பேச்சாளர்களுக்கே போகும். புதியவர் நாற்காலி அடுக்கி, வரவேற்புரை சொல்லி, நன்றியுரை சொல்லி, ஓராண்டு ஈராண்டு காத்திருந்தே அணிக்குள் வருவார். கூட்டத்தைச் சிரிக்க வைப்பதே வெற்றி என்று மேடை கெட்டுப்போயிருக்கும் இடங்களில் அந்தக் காத்திருப்பும் வீண்தான்.

செலவைப் பொறுத்தவரை மன்றம் இலவசம். கழகத்தில் தலைமையகத்துக்குச் செல்லும் சந்தாவே அரையாண்டுக்கு 60 டாலர், அதாவது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். புதியவர் 20 டாலர் நுழைவுக் கட்டணமும் கட்ட வேண்டும். நிறுவனங்களுக்குள் நடக்கும் கழகங்களில் இதை நிறுவனமே ஏற்பதுண்டு. கல்லூரி மாணவருக்கு இது சிறிய தொகை அல்ல. கழகமே இல்லாத சிறிய ஊர்களில் பதினெட்டு முதல் நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள் ஜேசீஸ் என்னும் இளைஞர் அமைப்பை விசாரிக்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு அங்கேயும் இடம் உண்டு. எதிலும் சேராமல் கைபேசியில் பதிவு செய்து தானே கேட்டுப் பழகுவது நல்ல துணைப் பயிற்சி. ஆனால் கைபேசிக்கு யாரும் அஞ்சுவதில்லை என்பதால் அது அவையாகிவிடாது.

ஆகவே என்னிடம் கேட்கும் இளைஞருக்கு நான் சொல்வது இது. எழுந்து நின்றாலே நாக்கு வறளுமானால், வாரந்தோறும் கூடும் ஒரு கழகத்தில் இரண்டு ஆண்டு இருங்கள். பேசக் கிடைக்கும் வாய்ப்பைவிட மதிப்பிடக் கிடைக்கும் வாய்ப்பை அதிகம் கேட்டு வாங்குங்கள். அச்சம் போய், ஆனால் பேச்சில் சாரமில்லை என்று உங்களுக்கே தோன்றத் தொடங்கும்போது மன்றத்துக்குச் செல்லுங்கள். அப்போதும் கழகத்தை விட்டுவிடாதீர்கள், மன்றத்தில் எவரும் சொல்லாத குறையைச் சொல்ல அங்கேதான் ஆள் இருக்கிறது. ஏற்கெனவே தயக்கமின்றித் தமிழில் பேசக்கூடியவரும் நிறையப் படித்தவருமானால் நேரே மன்றத்தில் தொடங்கலாம்.

எந்தக் கழகத்தில் சேர்வது என்று முடிவு செய்ய ஒரு வழி உண்டு. விருந்தினராகச் சென்றால் கட்டணம் கேட்கமாட்டார்கள். ஒரு கூட்டம் முழுவதும் இருங்கள். பேச்சுகளைவிட மதிப்பீட்டுப் பகுதியைக் கூர்ந்து கேளுங்கள். அடுத்த முறை பேசும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றையாவது ஒரு மதிப்பீட்டாளராவது சொல்கிறாரா என்று பாருங்கள். ஒருவரும் சொல்லாவிட்டால், தேநீரைக் குடித்து நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வேறொரு கழகத்துக்குப் போய்ப் பாருங்கள்.