கண்ணுக்குள் காற்று, கையில் ரத்தான டிக்கெட்

அக்கா பெண் கல்யாணத்துக்காக சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார லீவில் மதுரை வந்தேன். மூன்றாம் நாள் இடது கண்ணில் கொசு பறப்பது போலப் புள்ளிகள். இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டு. கண்ணாடிக் கடையில் "பவர் ஏறியிருக்கு சார்" என்று ஆர்டர் எடுத்துக்கொண்டார்கள். சின்ன வயதிலிருந்தே மைனஸ் எட்டு என்பதால் நானும் நம்பித் தொலைத்தேன். தாலி கட்டும் நேரத்தில் கீழேயிருந்து கறுப்புத் திரை ஏறி, மாப்பிள்ளையின் வேட்டியை மறைத்தது.

மறுநாள் காலை அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 கட்டில்களோடு தொடங்கியது. அப்பாவுக்குக் கண்புரை எடுத்ததும் இங்கேதான். சித்திரைத் திருவிழாக் கூட்டம்தான், ஆனால் வரிசை நிற்காமல் நகர்கிறது.

"விழித்திரை மேல்பக்கம் கிழிஞ்சு, சுண்ணாம்பு பெயர்ற மாதிரி பெயர்ந்திருக்கு. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு, அதுவும் போறதுக்குள்ள செஞ்சிடணும்" என்றார் டாக்டர். அடுத்த கேள்வி, "ஃப்ளைட் எப்போ?"

விட்ரெக்டமி என்ற ஆபரேஷனில் கண்ணுக்குள்ளிருக்கும் கூழை எடுத்துவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, விழித்திரையை அழுத்திப் பிடிக்க வாயுவோ சிலிகான் எண்ணெயோ நிரப்புகிறார்கள். எண்ணெய் என்றால் பறக்கலாம். ஆனால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். வாயு தானாகக் கரைந்துவிடும். ஆனால் அதுவரை விமானம் கூடாது: மேலே காற்றழுத்தம் குறைய, குமிழி விரிந்து, கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். "கொடைக்கானல்கூட வேண்டாம்" என்றார். விருந்துக்கு அங்கே அறை போட்டிருந்த மச்சானின் முகம் வாடியது.

வாயுவே போதும் என்றேன். கண்ணோரம் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். வலி இல்லை, பேச்சுக்குரல் மட்டும் கேட்டது. உண்மையான பாடு அப்புறம்தான்: நாள்கணக்கில் குனிந்த தலை. அக்கா வீட்டு மொசைக் தரையில் எத்தனை கறுப்புக் கல் என்று இப்போது சொல்வேன். சாம்பார் சாதத்தைக்கூடக் குனிந்தபடியேதான் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, பார்வையில் ரசமட்டம் போல ஒரு கோடு ஆடியது. அதற்கு மேலே தெளிவு, கீழே குமிழி. நாளுக்கு நாள் கோடு இறங்கியது. டிக்கெட் தேதி மாற்றக் கேட்டதற்கு விமான நிறுவனம் டாக்டர் கடிதத்தை மூன்று முறை வாங்கிக்கொண்டு, பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டது.

நேற்றைக்குக் குமிழி மிளகு அளவு. புது டிக்கெட் இன்னும் போடவில்லை.