கையடக்க சிறுநீர்ப்பை ஸ்கேனர்: எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

சிறுநீர் கழித்த பிறகும் பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று குழாய் விடாமலே சொல்லிவிடும் கருவி இது. வலி இல்லை, குழாயால் வரும் தொற்றும் இல்லை. அதற்காகவே வார்டுக்கு ஒன்று வாங்கலாம். ஆனால் படம் காட்டாமல் மில்லிலிட்டர் எண்ணை மட்டும் காட்டும் மாடல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இது உடலுக்குள் ஒலியலைகளை அனுப்பி அளக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி. ஒலி மென்திசுவில் விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரொலி திரும்பி வர எடுக்கும் நேரத்திலிருந்து கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. சிறுநீருக்குள் ஒலியைத் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாததால் படத்தில் அது கன்னங்கரேலென்று தெரியும். மென்பொருள் தேடுவது அந்தக் கறுப்பின் எல்லையைத்தான். வயிற்றில் நீர் கோர்த்திருந்தாலோ சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தாலோ அதையும் சிறுநீர்க் கணக்கில் சேர்த்துவிடும். படம் இருந்தால் பழகிய கண்ணுக்குப் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

ப்ரோபின், அதாவது உடலில் வைக்கும் முனையின், ஒலி அதிர்வெண் பொதுவாக 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். அதனால்தான் ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியை நுணுக்கமாகப் பார்க்க மலக்குடல் வழியாக வைக்கும் வேறு ப்ரோப் தேவைப்படுகிறது. அந்த வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

தவறுகள் பெரும்பாலும் கைப்பழக்கத்தில்தான். ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள். இடையில் துளி காற்று இருந்தாலும் ஒலி அங்கேயே திரும்பிவிடும். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, அடிவயிற்றின் கீழே நடுவில் கைக்குத் தட்டுப்படும் இடுப்பெலும்புக்கு 2–3 சென்டிமீட்டர் மேலே ப்ரோபை வைத்து, கால் பக்கம் நோக்கிச் சற்றே சாய்க்க வேண்டும். கறுப்பு வட்டம் திரையின் நடுவில் முழுதாக விழ வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டால் அளவு குறைவாகக் காட்டும். அடுத்தடுத்த அளவுகள் பெரிதும் மாறினால் குறி தப்பியிருக்கிறது என்று அர்த்தம். ஆண், பெண் பொத்தான் உள்ள மாடல்களில் பெண் அமைப்பு கருப்பையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும். கருப்பை அகற்றியவர்களுக்கு ஆண் அமைப்பைத்தான் போட வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

சிறுநீர் கழித்ததும் தாமதிக்காமல் அளந்துவிடுங்கள், சிறுநீரகம் சும்மா இருக்காது. எண்ணில் சந்தேகம் வந்தால் படத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்குங்கள்: 8, 6, 5 சென்டிமீட்டர் என்றால் சுமார் 125 மில்லிலிட்டர். கருவி 250 என்று காட்டினால் திரும்ப வைத்துப் பாருங்கள்.