வீட்டு பிரிண்டரா, லேபா, காலிபரேட்டரா? திரையில் பார்த்த கலர் எதில் வரும்

பிரிண்ட் இருட்டடித்துப் போச்சு என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது மானிட்டர் பிரைட்னஸ் எவ்வளவு என்றுதான். வாங்கி வந்தபடியே வைத்திருந்தால் பல மானிட்டர்கள் 250, 300 நிட்ஸில் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) எரியும். பிரிண்டுக்காக எடிட் செய்பவர்கள் 80 முதல் 120க்குள் வைப்பார்கள். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே.

சரி, லேப், அதாவது போட்டோ பிரிண்ட் போட்டுத் தரும் கடை. செலவு குறைவு, 4x6 பிரிண்ட் நூறு வேண்டுமென்றாலும் அலுப்பில்லை, ஆனால் அங்கே மெஷின் தானாகவே கலரைத் திருத்தும். அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் படங்களைக் கொடுத்தேன், பின்னால் சாமந்தி, உடம்பில் மஞ்சள் பட்டு, முகத்திலும் மஞ்சள். மெஷின் இதையெல்லாம் கோளாறு என்று நினைத்து மஞ்சளை இறக்கிவிட, பிள்ளை முகம் சாம்பல் பூசினாற்போல வந்தது. "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்" என்று சொல்லி அதே ஃபைலை மறுபடி கொடுத்தேன், சரியாக வந்தது. ஃபைல் எஸ்ஆர்ஜிபியில் இருக்கட்டும், லேப்கள் வழக்கமாக எதிர்பார்க்கும் கலர் வரம்பு அது. அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில் அனுப்பி, எந்த வரம்பு என்று ஃபைலுக்குள் சொல்லும் புரொஃபைலை லேப் கண்டுகொள்ளாவிட்டால் கலர் வெளிறிவிடும்.

வீட்டு பிரிண்டரில் பிடி முழுக்க நம் கையில். அந்தத் தாளில் அந்த பிரிண்டர் கலரை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஐசிசி புரொஃபைலைப் போட்டு, அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபில் பார்த்துவிட்டே அச்சிடலாம். பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: கலரை சாஃப்ட்வேரும் பார்த்துக்கொள்ளும், பிரிண்டர் டிரைவரும் பார்த்துக்கொள்ளும் என்று இரண்டையும் ஆனில் விட்டுவிடுவார்கள், இரட்டைத் திருத்தம் விழுந்து கலர் எங்கேயோ போய்விடும். ஒன்றை அணைக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் தாளில் கறுப்பு, பளபளக்கும் கிளாஸி அளவுக்கு ஆழமாக வராது, அதற்கு மருந்தில்லை. பிரிண்டர் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் இங்க் வரும் நாசில் அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்யவே பாதி இங்க் காலி.

காலிபரேட்டர் என்பது திரையில் வைத்துக் கலரை அளக்கும் கருவி, அது திரையை மட்டும்தான் சரிசெய்யும், லேப் மெஷினின் சேட்டைக்கு அது பொறுப்பில்லை. பட்டுப்புடவை, நகை என்று கலரை நம்பி விற்கிற படங்கள் எடுப்பவர் கட்டாயம் வாங்கலாம். வருஷத்துக்கு ஒரு ஆல்பம் போடுகிறவருக்கு எதற்கு? கரெக்‌ஷன் இல்லாத ஒரு பிரிண்டை ஜன்னலோரம் மானிட்டர் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை பிரைட்னஸைக் குறைத்தாலே முக்கால்வாசி வேலை முடியும். நான் இன்றுவரை இதையும் லேபையும் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

அப்புறம், கடை கவுன்டர் லைட்டில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பச்சையடிக்கிறது என்று நான் திருப்பிக் கொடுக்கப் போன பிரிண்ட், வாசலுக்கு வந்து பார்த்தால் அப்படியே திரையில் இருந்த படம்.